பேஸ்பால் மைதானப் பயணம்: 30-ம் முடிந்தது என்று எப்போது சொல்வது?

[காட்சி: மாலை வெயிலில் பாஸ்டன் நகரம். சாலையோரப் பலகையில் 90 என்ற எண்.]

சியாட்டிலில் பேஸ்பால் மைதானத்துக்கு அருகில் தொடங்கும் 90-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 4,860 கிலோமீட்டர் ஓடி பாஸ்டனில் முடிகிறது. முடிவதற்குச் சற்று முன்னால் அது பாஸ்டன் அணியின் ஃபென்வே பார்க் மைதானத்தின் பின்புறமாகச் செல்கிறது. அமெரிக்காவின் முதன்மைத் தொடரான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளுடைய சொந்த மைதானங்களையும் காரிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிய ஒருவர், ஃபென்வேயைக் கடைசியாக வைத்துக்கொள்ள இந்தச் சாலை ஒன்றே போதுமான காரணம்.

மைதானத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு நாட்டைக் குறுக்காகக் கடப்பது நமக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பேஸ்பாலின் விதிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன. பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர், ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 27.43 மீட்டர் என்று உள்வட்டத்தின் அளவுகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வெளிச்சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்பதோ ஊருக்கு ஊர் மாறும். கிரிக்கெட்டிலும் எல்லைக்கோடு மாறுகிறது. ஆனால் இங்கே மாறுவது சுவர், அதன் கோணம், சில இடங்களில் அதன்மேல் வளர்ந்திருக்கும் செடியும்கூட. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், 1937-இல் நட்ட கொடிகளுக்குள் பந்து சிக்கிக்கொண்டால், ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்திக் காட்டுவார். பேட்டருக்கு இரண்டு பேஸ்கள் கிடைக்கும்.

[காட்சி: அட்டவணை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம்.]

இந்தப் பயணத்தில் மனிதரை அலைக்கழிப்பது தூரம் அல்ல, அட்டவணை. ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் பாதிதான் சொந்த ஊரில். வரைபடத்தைப் பார்த்து அருகருகே உள்ள ஊர்களை வரிசையாகக் கோத்துக்கொண்டு கிளம்புபவர், மூன்றாவது ஊரிலேயே பூட்டிய கதவின் முன் நிற்பார், ஏனென்றால் அந்த வாரம் அந்த அணி வெளியூர் போயிருக்கும். சிகாகோவின் இரண்டு மைதானங்களும் ஒரே ரெட் லைன் ரயில் பாதையில் இருந்தாலும், பெரும்பாலும் இரண்டு அணிகளும் ஒரே நாளில் ஊரில் ஆடாதபடிதான் அட்டவணை அமைகிறது. ஆகவே முதலில் தேதிகளை எழுதி, பிறகு சாலைகளைத் தேடுவதே சரியான முறை. மழைக்காக இரண்டொரு வெற்று நாட்களையும் ஒதுக்க வேண்டும்.

சாலையில் இருப்பவருக்கு 2023-இல் ஒரு நன்மை கிடைத்தது. பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்ததும், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. இரவு ஆட்டம் முடிந்து நான்கு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியவருக்கு அந்த 24 நிமிடங்களின் அருமை தெரியும்.

மேற்கே மைதானங்களுக்கு இடையே வெறும் வெளிதான். சியாட்டிலை விட்டால் மினியாபொலிஸ் வரை வழியில் ஒரு மேஜர் லீக் மைதானமும் கிடையாது. மொன்டானா மாநிலத்துக்குள் மட்டுமே 90-ஆம் எண் சாலை சுமார் 890 கிலோமீட்டர் ஓடுகிறது. தெற்கே திரும்பி டென்வருக்குப் போனால் கூர்ஸ் ஃபீல்ட். அங்கே மேலடுக்கின் இருபதாவது வரிசை இருக்கைகள் மட்டும் ஊதா நிறத்தில் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் உயரத்தை அந்த வரிசை குறிக்கிறது. அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறப்பதால், 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்தே எடுத்து வருகிறார்கள்.

30 அணிகளில் ஒன்று மட்டும் கனடாவின் டொரொன்டோவில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை விசாவில் அமெரிக்காவில் வசிப்பவர், அந்த ஒரு மைதானத்துக்காகக் கனடா விசாவையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். திரும்பி உள்ளே வர அமெரிக்க விசாவின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் நினைவுகூர்பவரின் கணக்கு 29-இல் நின்றுவிடும்.

[காட்சி: ஓக்லாந்து கொலிசியத்தின் காலி இருக்கைகள்.]

சரி, எல்லாம் பார்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். 30 என்ற எண்ணிக்கை மாறாவிட்டாலும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. 1968 முதல் ஓக்லாந்தில் ஆடிவந்த ஏ’ஸ் அணி, 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, அடுத்த ஆண்டு வெஸ்ட் சாக்ரமென்டோவில் உள்ள ஒரு சிறு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. லாஸ் வேகஸில் அதற்குப் புது மைதானம் எழும்புகிறது. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி டாம்பா பே அணியின் மைதானக் கூரையைக் கிழித்தெறிந்ததால், அந்த அணி 2025 பருவத்தை நியூயார்க் யாங்கீஸின் பயிற்சி மைதானத்தில் ஆடியது. ஓக்லாந்தைப் பார்த்தவருக்கு அது கணக்கில் சேருமா, அல்லது மறுபடி போக வேண்டுமா? ரசிகர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. என்னைக் கேட்டால், ஆண்டைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை: ‘2023-இல் இருந்த 30-ஐயும் பார்த்தேன்.’ அந்தக் கணக்கை யாராலும் பறிக்க முடியாது.

[காட்சி: பச்சைச் சுவர், அருகிலிருந்து.]

ஃபென்வே 1912-இல் திறக்கப்பட்டது. 30-இல் மூத்தது இதுதான். இடப்புறம் லான்ஸ்டவுன் தெரு நெருக்கியடித்து நிற்பதால், பேட்டரிடமிருந்து சுமார் 94 மீட்டரிலேயே மைதானம் முடிந்துவிடுகிறது. தூரத்தில் விட்டதை உயரத்தில் பிடித்ததுபோல அங்கே 11.3 மீட்டர் உயரச் சுவர். கிரீன் மான்ஸ்டர் என்பது அதன் பெயர். அடியில் உள்ள ஸ்கோர் பலகையின் எண் தகடுகளை இன்றும் ஆட்கள் கையால் மாற்றுகிறார்கள். பலகையின் வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாகத் தெரிவது அலங்காரம் அல்ல. முன்னாள் உரிமையாளர்களான யாக்கி தம்பதியின் முதலெழுத்துகள், மோர்ஸ் குறியீட்டில்.

சுவரைப் பார்த்து முடித்தவர், எதிர்ப்புறம் வலப்பக்க மேட்டில் ஏற வேண்டும். 42-ஆம் பகுதி, 37-ஆம் வரிசை, 21-ஆம் இருக்கை. சுற்றிலும் பச்சை இருக்கைகள். இது ஒன்று மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் அணியின் பேட்டர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து சுமார் 153 மீட்டர் பறந்து இங்கேதான் விழுந்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் பேட்டர் கட்டைவிரல் அளவுகூடத் தெரிய மாட்டார். அன்றைக்கு அந்த இடத்தில் அமர்ந்திருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியைப் பொத்துக்கொண்டு பந்து உள்ளே போயிற்று.