உழவைக் குறைக்க எந்தக் கருவி வாங்கலாம்?

கள்ளிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நான்கு ஏக்கர் கரிசல். மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறேன். உழவுக் கூலி கட்டுப்படியாகவில்லை. உழவைக் குறைக்க ரோட்டவேட்டர் வாங்கட்டுமா, உழாமல் விதைக்கும் கருவி வாங்கட்டுமா?"

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ரோட்டவேட்டர், அதாவது டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்தும் கருவி, ஒரே ஓட்டில் வேலையை முடிப்பதால் உழவு குறைந்ததுபோல் தெரிகிறது. ஆனால் மண்ணை மாவாக்குவது அதுதான். மேலே நான்கைந்து அங்குலம் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே தளம் போட்டதுபோல் இறுகிவிடும்.

உங்கள் காட்டில் அந்த இறுக்கம் இருக்கிறதா என்று காசு செலவில்லாமல் பார்க்கலாம். பருத்திமார் பிடுங்கும்போது ஆணிவேரைக் கவனியுங்கள். நேராக இறங்கியிருந்தால் கவலையில்லை. அரை அடியில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், உழவை நிறுத்துவதற்கு முன், அடிமண் இறுக்கத்தை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக் கலப்பையை ஒருமுறை ஓட்டியே ஆக வேண்டும். அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்கும் குறுக்குமாக, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் கீறல்தான் விழும், மண் உடையாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் கருவிக்குக் கடன் வாங்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேளுங்கள்.

அடுத்து, ஊரில் எல்லோரிடமும் இருக்கும் ஒன்பது கொத்துக் கலப்பை. அதில் இரண்டு, ஐந்து, எட்டாவது கொத்துகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கொத்துக்குக் கொத்து ஒன்பது அங்குலம் என்றால், இப்போது இடைவெளி இரண்டேகால் அடி. விதை விழும் வரிசை மட்டும் கீறப்படும், நடுவில் உள்ள மண் அப்படியே கிடக்கும். கரிசல் வெயிலில் வெடித்து, மழையில் பொதுமித் தன்னைத்தானே இளக்கிக்கொள்ளும் மண். அதற்கு இந்தக் கீறல் போதும். செம்மண் காட்டுக்காரர்கள் இதைப் பார்த்து அப்படியே செய்துவிட வேண்டாம். அந்த மண் மழைக்குப் பின் மேலே ஓடு கட்டும். மண்ணை மூடிக் கிடக்கும் தட்டையும் சருகுமான மூடாக்கு சேரும்வரை உழவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டு பட்டம் இப்படிப் பார்த்த பிறகு, நீங்கள் கேட்ட உழாமல் விதைக்கும் கருவிக்குப் போங்கள். பணம் போட வேண்டிய இடம் அதுதான். அதில் எந்த வகையை வாங்குவது என்பதை, அறுவடைக்குப் பின் காட்டில் கிடக்கும் தட்டை தீர்மானிக்கும். ஆடு மாடு மேய்ந்து வெறுங்காடாகக் கிடந்தால் மண்ணைக் கீறும் கொழு வைத்த கருவி போதும், விலையும் குறைவு. தட்டையை மூடாக்காக விடுகிறீர்கள் என்றால் கொழுவில் அது சுற்றி அடைத்துக்கொள்ளும். முன்னால் வெட்டும் வட்டத்தட்டு உள்ளதைத்தான் பார்க்க வேண்டும். அது கனமானது, உங்கள் டிராக்டர் தூக்குமா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் கூடுகள் கோடை உழவில் வெளியே வந்து அழியும்; அவை உழாத காட்டில் மண்ணுக்குள் தப்பித்துக்கொள்ளும். ஆகவே மக்காச்சோளம் போட்ட இடத்தில் மறுபடியும் மக்காச்சோளம் போடாதீர்கள். அடுத்த புரட்டாசியில் அங்கே உளுந்து விதையுங்கள்.