அம்பும் நாணும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். குடும்பக் கட்டுப்பாடு விசுவாசக் குறைவு என்கிறது எதிரணி. அது அன்பிலிருந்து வருவது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கோபியிலிருந்து வந்த அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். "நெல்லை விதைச்சுப்போட்டு, முளைக்கக் கூடாதுன்னு மருந்தடிக்கிற குடியானவன் உண்டுங்களா?"

அண்ணா, நீங்கள் கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிற சீமைக்காரர். அந்த வாய்க்காலை நம்பி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. ஒரே போகத்தில் அத்தனைக்கும் தண்ணீர் விடுகிறார்களா? பாதி நிலத்துக்கு ஒரு முறை, நெல்லுக்கு. மீதிப் பாதிக்கு அடுத்த முறை, கடலைக்கும் எள்ளுக்கும். முறை வராத மதகு அடைத்துக் கிடக்கும். மதகை அடைத்தவனைப் பார்த்து, நீ பவானி ஆற்றை நம்பாதவன் என்று யாராவது சொல்வார்களா? இருக்கிற தண்ணீர் கடைமடை வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை அவனுக்கு. எட்டுப் பிள்ளை பெற்ற தாய்க்கும் அதே கவலைதான் அண்ணா. கடைசிப் பிள்ளையின் தட்டுக்குச் சோறு போய்ச் சேர வேண்டும்!

சரி, மருந்து கூடாது, சாதனம் கூடாது, நாள் பார்த்து விலகியிருங்கள் என்பீர்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25-இல் எழுதிய சுற்றுமடல் அதைத்தான் சொல்கிறது, நான் மறைக்கவில்லை. தகுந்த காரணம் இருந்தால், கரு தங்காத நாட்களைப் பார்த்துப் பிள்ளைப்பேற்றைத் தள்ளி வைக்கலாம் என்கிறது. அப்படியென்றால் அளவு வேண்டும் என்பதில் திருச்சபைக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை. வழியைப் பற்றித்தான் சண்டை. ஆனால், குடித்துவிட்டு வருகிற புருஷனிடம் "இன்னைக்கு நாள் சரியில்லீங்க" என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். நாட்காட்டி அவளைக் காப்பாற்றுமா?

இந்த வழக்கு நேற்று வந்ததும் இல்லை. அதுவரை கூடாது என்று சொல்லிவந்த ஆங்கிலிக்கன் சபை (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த சபை) ஆயர்கள் 1930-இல் லண்டனில் கூடிய லாம்பெத் மாநாட்டில், சில நிபந்தனைகளோடு கருத்தடை ஆகலாம் என்றார்கள். அந்த வருடம் முடிகிற டிசம்பர் 31 அன்று திருத்தந்தை பதினோராம் பயஸ் கூடவே கூடாது என்று மடல் எழுதினார். அதே 1930-இல் இங்கே ஈரோட்டுப் பெரியார், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். 1968 மடலுக்கு முன் ஆராய்ந்து சொல்லத் திருத்தந்தை வைத்த குழுவில்கூடப் பெரும்பாலோர் மாற்றலாம் என்றே சொன்னார்கள். அவர்களும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர்கள்தான்.

அண்ணன் கடைசியாக 127-ஆம் திருப்பாடலை எடுத்தார். பிள்ளைகள் வீரன் கையிலுள்ள அம்புகள், அம்பறாத்தூணியை நிரப்பினவன் பேறு பெற்றவன் என்று. அண்ணா, அந்த வசனத்துக்கு எங்கள் வீட்டில் 1969-லேயே பதில் சொல்லியாகிவிட்டது.

சோமனூர்ப் பக்கம் தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் அம்மாயி பெற்றது எட்டு, தங்கியது ஆறு. எட்டாவது பேற்றில் பிழைத்ததே பெரிது. இன்னொன்று என்றால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டரம்மா. அப்புச்சி கைநாட்டு வைத்தார், கருத்தடை அறுவை முடிந்தது. சேதி கேள்விப்பட்டு, ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து இதே அம்பறாத்தூணி வசனத்தைச் சொன்னார். அம்மாயி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சொன்னாள்:

"அம்பு சரிங்க. அம்பு பறக்கோணும்னா நாணு வேணுமுங்களே. அந்த நாணு நானுங்க. நாணு அத்துப்போச்சுன்னா இந்த ஆறு அம்பையும் ஆருங்க எய்வாங்க?"

இன்னொரு தரம் சொல்கிறேன், பின்னால் நிற்கிற அக்காமாருக்கும் கேட்கட்டும். அந்த நாணு நானுங்க! பள்ளிக்கூடம் பார்க்காதவள். தறிக்காரி. நூல் எப்போது அறும், எந்த முறுக்குக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவள். உபதேசியார் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனாராம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. ஒரே நிமிடம்.

உபதேசியாரிடம் அப்படிப் பேசின அம்மாயி, அப்புறம் பல வருடம் நன்மை, அதாவது பூசையில் தருகிற நற்கருணை, வாங்கப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. தான் பாவம் செய்துவிட்டதாக அவளே நினைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை ஐயா. பிள்ளைகளுக்காக உயிரோடு இருக்க ஆசைப்பட்டதற்கு ஒரு தாய் கடவுளிடம் வெட்கப்பட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோவிலின் கடைசித் தூணோரம் உட்கார்ந்திருப்பாளாம். நன்மை வாங்க வரிசை நகரும். அவள் எழ மாட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வரிசையில் போகிற தன் பிள்ளைகளின் தலைகளை விரல்விட்டு எண்ணுவாளாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும். அதில் ஐந்தாவது தலை என் அம்மா.