நிலைக்காலில் மிஞ்சிய மஞ்சள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மிச்சம் மீதி மரத்துண்டுகளை வைத்து வீட்டுச் சுவருக்கு ஏதாவது அழகாகச் செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஆசாரி இல்லை. வங்கியில் 31 வருஷம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி, மரத்தைக் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது.

எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மரம் அறுக்கும் மில் புதிதில்லை. எங்கள் தெருமுனையிலேயே ஒன்று உண்டு. காலையில் ரம்பம் ஓட ஆரம்பித்தால்தான் எங்களுக்கு விடிந்த மாதிரி. சட்டமும் பலகையும் அறுத்தது போக மிஞ்சுகிற துண்டுகளை ஓரமாகக் கொட்டியிருப்பார்கள். சாயங்காலம் டீக்கடைக்காரரும் இட்லிக்கடைக்காரரும் வந்து விறகுக்கு எடை போட்டு எடுத்துப்போவார்கள். தராசுக்குத் தேக்கும் ஒன்றுதான், மாமரமும் ஒன்றுதான். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது நான் அந்தக் குவியல் பக்கம் ஒதுங்குவேன். பலாத்துண்டு மஞ்சளாக இருக்கும். தேக்கில் நடு வைரம் தேன் நிறம், ஓரத்து வெள்ளை சோகை பிடித்த மாதிரி. என்றைக்காவது ஒருநாள் தோதகத்தி, அதாவது ஈட்டி மரம், கிடைக்கும், கருஞ்சிவப்பாக. இத்தனை நிறமும் இட்லிக் கொப்பரைக்கு அடியில் போகிறதே என்று ஓர் ஆதங்கம். அப்படித்தான் ஆரம்பித்தது.

உங்களுக்கு மில் வேண்டும் என்பதில்லை. கதவு வேலை முடித்த ஆசாரி விட்டுப்போன ரீப்பர் என்கிற ஒல்லிச் சட்டத் துண்டு, உடைந்த நாற்காலிக் கால், பழைய கட்டில் சட்டம், ஏதோ மிஷின் வந்த மரப்பெட்டி, எதுவும் போதும். மரப்பெட்டி என்றால் ஒன்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை குத்தியிருக்கும். பக்கத்தில் எச்.டி. என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால், பூச்சி சாவதற்காக மரத்தின் நடு வரைக்கும் 56 டிகிரி சூடு ஏற்றி அரை மணி நேரம் வைத்திருந்தது என்று பொருள். அதைத் தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

உளுத்த மரத்தையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஊசித்துளைகளிலிருந்து மாவு போலக் கொட்டினால் அது அடுப்புக்கே போகட்டும்.

அப்புறம் ஆணி. பழைய மரத்தில் தலை முறிந்த ஆணி உள்ளே ஒளிந்திருக்கும். ரம்பத்தின் பல் போன பிறகுதான் நமக்குத் தெரியும். அதற்கு என்னிடம் ஒரு காந்தம் இருக்கிறது. எதிலிருந்து எடுத்தது தெரியுமா? இந்த நிலையத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா தெரியவில்லை. எங்கள் வீட்டு ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து. ரேடியோ செத்துப்போன பிறகுதான் எடுத்தேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். உளுந்தவடை மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். அதை நூலில் கட்டிப் பலகைக்கு மேல் மெதுவாகக் கொண்டுபோவேன். ஆணி இருக்கிற இடத்தில் மீன் தூண்டிலைக் கடித்த மாதிரி ஒரு இழு இழுக்கும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். யார் வந்து கேட்டாலும் முதலில் நான் சொல்வது இதுதான்: இழைக்காதீர்கள். அதாவது, உடனே இழைக்காதீர்கள். மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற இழைப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நான் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பூர்வீக வீட்டை 2009-இல் இடித்தோம். பங்கு பிரித்தபோது உத்திரம், தூண் எல்லாம் விலைக்குப் போய்விட்டது. வாசல் நிலையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேக்கு நிலை. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் ஆச்சி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். ஆச்சி குள்ளம். அவள் கை சுலபமாக எட்டிய உயரம் வரைதான் மஞ்சள், அதற்கு மேலே வெறும் மரம். ஆச்சிக்குப் பிறகு அம்மா. அம்மா கொஞ்சம் உயரம். அவள் பூசியது இன்னும் நாலு விரற்கடை மேலே ஏறியிருக்கும். அங்கே மஞ்சள் வெளிறி இருக்கும், கீழே அடர்த்தியாக, மரத்தின் ரேகைக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஒரே நிலைக்காலில் இரண்டு மஞ்சள். ஆனால் நான் இதையெல்லாம் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதையே இல்லை.

ஒரு நிலைக்காலைத் தூக்கிக்கொண்டு தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். "அண்ணாச்சி, இதிலே சாமி படம் வைக்க ஒரு பலகை செய்யணும்" என்று கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் மனுஷருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீயளா சார், உள்ளே என்ன சரக்கு இருந்திருக்குன்னு! மேலே ஒரே அழுக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றார். பலகை புதுப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. பட்டறைக்கு அடியில் சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒவ்வொரு சுருளிலும் ஓரம் மட்டும் மஞ்சள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவர் தொழிலில் நல்ல வேலை என்றால் அதுதான். நான்தான் சொல்லவில்லை. சொல்ல எனக்கே தெரியவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு, கீழே குனிந்து ஒரு சுருளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் அது பொடிந்துவிட்டது. பலகை இன்னும் இருக்கிறது. அதன் மேல் முருகன் படம். கடையில் வாங்கிய பலகை மாதிரி இருக்கும்.

நல்லவேளையாக இன்னொரு நிலைக்கால் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அதைத் தேங்காய் நார் வைத்துத் தூசி மட்டும் தட்டினேன். இரண்டு மஞ்சளும் சேருகிற இடம் நடுவில் வருகிற மாதிரி இரண்டு முழம் அறுத்தேன். பழைய கீல் உட்கார்ந்த குழியும் அதிலேயே வந்துவிட்டது. பாலிஷ் கிடையாது, வார்னிஷ் கிடையாது. முன்னறைச் சுவரில் நட்டமாக மாட்டியிருக்கிறேன். வெயில் படாத சுவராகப் பார்த்து. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. வேட்டியில் சாம்பார் கொட்டினால் துவைத்து வெயிலில் போட்டுக் கறையைப் போக்குகிறோம் இல்லையா, அதே கணக்குதான். வருகிறவர்கள், "இதென்ன, கட்டையைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நான் ஆச்சியிலிருந்து ஆரம்பிப்பேன். என் மனைவி காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

ஆகவே, இழைப்பதற்கு முன்னால் பாருங்கள். ஆணித் துளை, ரம்பம் ஓடிய தடம், உரிந்த நீலப் பெயிண்ட், இதெல்லாம் கடையில் வாங்க முடியாத அலங்காரம். பெயிண்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய ஜன்னல், கதவுப் பெயிண்டில் ஈயம் எவ்வளவோ இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கில் போகும், குழந்தைகள் கையில் ஒட்டும். பாருங்கள், இழைக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது என்றால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்தத் துண்டே வேண்டாம்.

புதிதாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சுலபமான வேலை. நான் அதைத் 'தெரு' என்று சொல்வேன். இரண்டு அங்குல அகலத்து ரீப்பர் துண்டுகள் ஒரு பத்து. நீளம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். நாலு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம். சிலவற்றின் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து அறுத்தால் ஓட்டு வீடு. அறுக்காமல் விட்டால் மொட்டை மாடி. எல்லாவற்றையும் நட்டமாக வரிசையாக நிறுத்திப் பின்னால் ஒரு சட்டத்தில் ஒட்டினால் தெரு ஆகிவிட்டது. காவிப்பொடியில் தண்ணீரும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து ஒரு வீட்டுக்குப் பட்டை அடியுங்கள். ஒன்றுக்கு மட்டும் போதும். மற்றதை மர நிறத்திலேயே விடுங்கள். எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடித்தால் பொம்மைக்கடை ஆகிவிடும். பலா வீடு ஒன்று இருந்தால் பாருங்கள், வருஷம் போகப் போக அதன் மஞ்சள் தானாகப் பழுப்பாக மாறும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

வீடுகளுக்கு நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டை நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். பக்கத்தில் பக்கம் ஒட்டிவிடாதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்கிறது, பங்குனியில் லொடலொடக்கிறது. மரம் ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அனேகமாக அசையாது. இது புரியாமல் நான் ஒன்றரை அடி அகலப் பலகைக்குப் பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்து ஃபெவிகால் போட்டு இறுக்கினேன். மார்கழியில் ஒட்டியது. சித்திரையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருக்கிறோம், படார் என்று ஒரு சத்தம். பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, சட்டம் விடவில்லை. நடுவே பிளந்துவிட்டது. தெருவில் அந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு வீடும் இரண்டு அங்குலம்தானே, தனித்தனியாக மூச்சு விட்டுக்கொள்ளும்.

பச்சை மரம் என்றால் காயப்போட வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். சமையல் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப்புறத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். ஆச்சி கதையில் நேரம் போய்விட்டது. வட்டக் கிளைத்துண்டுகளில் கடிகாரம் செய்வதற்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அது இன்றைக்கு இல்லை. மாட்டுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெறும் ஆணியைச் சாந்துப் பூச்சில் அடித்தால் ஒருநாள் சாந்தோடு பெயர்ந்து விழும். துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்குரூ முடுக்குங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பில் நாலு சின்ன வட்டம் வெட்டி மரத்தின் பின்பக்க மூலைகளில் ஒட்டுங்கள். சுவரின் ஓதம் மரத்துக்கு ஏறாது.

எண்ணெய் பூசுவதென்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், அது காய்ந்து கெட்டியாகும். ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடியில் விரித்து, வெளியே காயப்போடுங்கள். வணக்கம்.