வர்த்தமானியின் தலைப்பில் ஒரு சொல்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் என் பேத்தி அரசாங்க வேலை விளம்பரம் பார்ப்பதற்காக போனில் வர்த்தமானியைத் திறந்தாள். வேலையைப் பார்க்கும் முன் தலைப்பிலேயே கண் நின்றுவிட்டது. 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு' என்று வாசித்துவிட்டு, "அப்பப்பா, நாங்கள் சோசலிச நாடா? அப்படியென்றால் அம்மாவின் ஸ்கேனுக்கு ஏன் தனியாரிடம் இவ்வளவு காசு கட்டினோம்?" என்று கேட்டாள்.

அந்தச் சொல்லை அங்கே வைத்தது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதைக் கொண்டுவந்தவர் ஜே.ஆர். ஜயவர்தன. 1977இல் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்த அதே ஜே.ஆர்.தான். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயமும் 'சோசலிசக் குடியரசு' என்ற பெயரும் ஒரே ஆண்டில் ஒரே கையால் வந்தவை. இந்த ஒன்றை விளக்க முடியாமல்தான் இந்த உரையைத் தயாரிக்கத் தொடங்கினேன்.

வலதுசாரி, இடதுசாரி, தாராளவாதி, பழமைவாதி என்று நாம் வாய் கூசாமல் பேசுகிறோம். தாராளம் என்றால் நம் வீடுகளில் என்ன? "தாராளமாய்ப் போட்டுச் சாப்பிடுங்கோ" என்பதுதான். அரசியலில் அந்தச் சொல் நேர்மாறாகவும் நின்றிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தாராளவாதி என்றால், வியாபாரத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்பவர். அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட் வந்த பிறகு, அரசு செலவழித்து ஏழையைத் தாங்க வேண்டும் என்பவருக்கு அதே பெயர். அவுஸ்திரேலியாவில் 1944இல் மென்சீஸ் உருவாக்கிய லிபரல் கட்சி அந்த நாட்டின் பழமைவாதிகளின் வீடு. 1991இல் மொஸ்கோவில் கம்யூனிசத்தைக் காப்பாற்றப் பார்த்தவர்களைப் பத்திரிகைகள் பழமைவாதிகள் என்றன. சரி, வெளிநாட்டுக் கதை போதும்.

இங்கே கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவை எடுங்கள். 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தவர். இலங்கைத் தேசிய காங்கிரஸின் கனவான்கள் எல்லோருக்கும் வாக்குக் கேட்கத் தயங்கியபோது, அரசியலமைப்பு மாற்றத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால் கூலித் தொழிலாளிக்கும் வாக்கு வேண்டும் என்று நின்றவர். பொன்னம்பலம் இராமநாதன் அந்தச் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். ஆகவே குணசிங்க முற்போக்கு, இராமநாதன் பிற்போக்கு என்று முடித்துவிடலாமா? 1930களில் இதே குணசிங்க மலையாளித் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். வாக்குக் கேட்டபோது 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் இருந்தவன், வேலை குறைந்த காலத்தில் அதற்கு வெளியே தள்ளப்பட்டான்.

ஐக்கிய தேசியக் கட்சியையும் பாருங்கள். வலதுசாரிக் கட்சி என்று பெயர். 1952இல் அமெரிக்கா முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று கம்யூனிஸ்ட் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது அதே கட்சி. அடுத்த ஆண்டே கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றி, ஹர்த்தாலைக் கண்டதும் அதே கட்சிதான்.

நான் இன்று அதிகம் பேச விரும்புவது 1966 ஜனவரி 8ஐப் பற்றி. அப்போது நான் பள்ளிப் பையன். டட்லி சேனாநாயக்கவின் ஆட்சி, தமிழரசுக் கட்சியும் அதில் கூட்டு. அரச கருமங்களில் தமிழுக்கு இடம் கொடுக்கும் தமிழ்மொழி விசேட ஏற்பாட்டு ஒழுங்குவிதிகள் அன்று பாராளுமன்றத்துக்கு வந்தன. அவற்றை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் யார்? ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி போனதில் ஆச்சரியமில்லை. கூடவே இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் போயின. பத்து வருடத்துக்கு முன், 1956இல், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து எழுந்து நின்ற அதே கட்சிகள்! டட்லியின் வயிற்றுக்குள் மசாலா வடை என்று அந்த நாட்களில் ஒரு கோஷம் வேறு. தமிழருக்கு அவர் விலைபோய்விட்டார் என்பது அதன் கருத்து. கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார், அவசரகாலச் சட்டம் வந்தது.

அன்று அப்பா கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா காலையில் சுட்ட வடை தட்டில் அப்படியே கிடந்தது. சமசமாஜக் கட்சிக்கு வாக்குப் போட்டு வந்தவர் அப்பா. அன்று அவர் கட்சியைத் திட்டவில்லை, அழவும் இல்லை. "இனி எவனை நம்புவது?" என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். வடை என்றால் நம் வீட்டுப் பலகாரம். அதைத் தொழிலாளரின் கட்சி ஏளனமாகக் கத்தியது என் மனதில் இன்றும் ஆறவில்லை. 1956இல் இரு மொழியின் நியாயத்தைத் தெளிவாகச் சொன்ன சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாதான், சிங்களத்தையும் பௌத்தத்தின் முதன்மை இடத்தையும் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குள் எழுதிய அமைச்சர். இதை அப்பா உயிரோடு இருந்து பார்க்கவில்லை.

ஆகவே யாராவது தன்னை இடது என்றோ தாராளவாதி என்றோ சொன்னால், நான் இரண்டு கேள்வி கேட்கிறேன். நீ எதைக் காப்பாற்றப் போகிறாய்? யாருக்குக் கதவைத் திறக்கப் போகிறாய்? செங்கொடிக் கட்சியான ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். அதற்கு முந்தைய அரசு சர்வதேச நாணய நிதியத்தோடு தொடங்கிய திட்டம் தொடர்கிறது. சரியா பிழையா என்று தனியே வாதாடலாம். கொடியின் நிறத்தை வைத்து மட்டும் வாதாட முடியாது.

நம்மிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும், அதுதான் எனக்குக் கடினமானது. 'அடங்காத் தமிழர்' என்று பெயர் பெற்ற சி. சுந்தரலிங்கம் தனி ஈழத்தை மிக முன்னரே கேட்டவர். அரசு என்ற அமைப்பையே மாற்றக் கேட்டவர். அவரே 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகாமல் மறித்து நின்றார். இடதுசாரிகள் முன்னின்று நடத்திய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அந்த வாசலில் போராடியது. கொழும்பில் நம் மொழியைக் கைவிட்ட இடதுசாரிகளும் இருந்தார்கள், மாவிட்டபுரத்தில் நம்மவரையே எதிர்த்து நியாயத்தின் பக்கம் நின்ற இடதுசாரிகளும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குப் பழக்கமில்லை. முதலாவதை மேடை மேடையாகச் சொல்லி, இரண்டாவதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

அந்த வாசலில் நின்ற ஒருவர் இன்று இரண்டாம் வரிசையில் இருக்கிறார். நான் வருமுன் அவரிடம் கேட்டேன், பேசச் சம்மதித்தார். ஐயா, மேலே வாருங்கள். ஒலிவாங்கியைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுங்கள், தம்பி.