ஒன்று, பூஜ்யம், ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். நோயாளி வார்டுக்கு வரும் நாளைவிட, வீட்டுக்குப் போகும் நாள்தான் எனக்கு எப்போதும் கவலை. உள்ளே இருக்கும்வரை மாத்திரையை வேளைக்கு நாங்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். வாசலைத் தாண்டினால் அவருக்குத் துணை ஒரு சீட்டு.

அந்தச் சீட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய், காலில் புண் என்று ஒரு பெரியவர் வந்தார், கடலை விவசாயி. புண் ஆறி வந்தது. மாத்திரையையும் சீட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனவர், பன்னிரண்டாம் நாள் சீழ் பிடித்த காலோடு திரும்பி வந்தார்.

“மாத்திரை சாப்பிடவில்லையா ஐயா?”

“சீட்டில் போட்டபடியேதான் சாப்பிட்டேன், நர்சம்மா.”

வாங்கிப் பார்த்தேன். 1-0-1 என்று இருந்தது. காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர் எப்படிப் படித்தார் தெரியுமா? இன்று ஒன்று, நாளை இல்லை, மறுநாள் ஒன்று! வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர் அல்லவா? அவர் கணக்கில் பிழையே இல்லை. எழுதிக் கொடுத்த எங்களுக்குத்தான் வெட்கம். நல்லவேளை, விரலை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரே ஒருநாள், “இன்று எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம்.

கென்யாவில் கேட்டார்கள். எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி: “மம்போ?” சுவாஹிலி மொழியில், எப்படி இருக்கிறீர்கள் என்பது போல. “சாவா” என்று பதில் வந்தால் நலம். “ஷிடா” என்றால் சிக்கல். ஷிடா என்றவரையும், 48 மணி நேரத்தில் பதிலே போடாதவரையும் செவிலியர் கூப்பிட்டுப் பேசுவார். 538 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2010இல் வெளியானது. மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள், செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம்; பெறாதவர்களில் 50. கவனியுங்கள், அந்தச் செய்தியில் மருந்து என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் இருப்பவர் எட்டிப்பார்த்தாலும் நோயின் பெயர் வெளியே போகாது.

சிட்னியில் இதய நோயாளிகள் 710 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2015இல் வந்தது. பாதிப் பேருக்கு வாரம் நான்கு செய்தி, ஆறு மாதம். பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவர்களுக்குக் கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் குறைந்தன. ஆகவே ஒருவழிச் செய்தி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பெரியவருக்கு “மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும்” என்று தினமும் அனுப்பியிருந்தால்? அவர் தவறாமல்தானே சாப்பிட்டார்!

தமிழில் அனுப்புவதில் ஒரு இடைஞ்சல் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம், தமிழுக்கு 70. அதிலும் புள்ளிக்குத் தனி இடம், கொம்புக்குத் தனி இடம். ‘மருந்து’ நமக்கு நான்கு எழுத்து, கைப்பேசிக்கு ஏழு. இருக்கட்டும். “இன்று எத்தனை மாத்திரை?” என்பதை எண்ணிப் பார்த்தேன், 22தான் ஆகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம் என்று. நம் மருத்துவமனைகளும் இப்படிக் கேட்பதானால் என்ன வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கைப்பேசி பல சமயம் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பார். எண்ணை வாங்கும்போதே அது யாரிடம் இருக்கும் என்றும் கேட்டு எழுத வேண்டும். வரும் பதிலைப் படிக்க ஒரு செவிலியருக்குப் பணி நேரத்திலேயே அரைமணி ஒதுக்க வேண்டும். பணி முடிந்து வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள் என்றால் நடக்காது. இன்னொன்று, நெஞ்சு வலித்தாலோ மூச்சு திணறினாலோ செய்தி தட்டிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். வணக்கம்.