படகு வருவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்ஸின் தென்கரையில் இருக்கும் கான் நகரத்தைத் திரைப்பட விழாவால் பலர் அறிந்திருப்பீர்கள். அதன் துறைமுகத்தில் படகேறினால் அரைமணி நேரத்துக்குள் புனித ஒனோரா தீவில் இறங்கிவிடலாம். சிறிய தீவு. நீளம் ஒன்றரை கிலோமீட்டர், அகலம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கி.பி. 410ஐ ஒட்டி ஒனோரா என்ற துறவி அங்கே ஒரு மடம் தொடங்கினார். கொள்ளையர் தாக்கியிருக்கிறார்கள், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தீவே விற்கப்பட்டிருக்கிறது. 1869 முதல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் அங்கே வாழ்கிறார்கள். திராட்சை பயிரிட்டு, ஒயின் செய்து, நாளுக்குப் பல முறை கூடித் திருப்பாடல்கள் பாடுகிறார்கள். வெளியார் சில நாள் தங்கி ஞான ஒடுக்கம், அதாவது பேச்சை விட்டுச் செபத்தில் தனித்திருப்பது, செய்யவும் இடம் தருகிறார்கள்.

நான் ஆறு நாள் இருந்தேன். அதில் கடைசி நாளைப் பற்றித்தான் பேச வந்தேன். முதல் நாளின் தவிப்பைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நாளை ஏனோ யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முந்தைய இரவிலிருந்து தொடங்குகிறேன். இரவுச் செபத்தின் முடிவில் விளக்குகளைக் குறைத்துவிட்டு, மரியாளை நோக்கி ஒரு பாட்டுப் பாடுவார்கள். தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் செபமாலை முடிந்ததும் சொல்கிற 'கிருபை தயாபத்து' மந்திரம்தான் அது, அங்கே லத்தீனில். அதோடு பெரிய மௌனம் தொடங்கும். விடியும்வரை துறவிகளும் பேச மாட்டார்கள். அறைக்குத் திரும்பும்போது சரளைக் கல்லில் என் காலடி கேட்டது. ஆறு நாளும் அது கேட்டிருக்க வேண்டும். அன்றுதான் என் காதில் விழுந்தது.

மறுநாள் விடியுமுன் விழித்தேன். முதல் வேலையாகப் பெட்டியைக் கட்டினேன். தவறு அங்கேதான் தொடங்கியது. பெட்டியைக் கட்டியதும் மனம் கிளம்பிவிட்டது. கோவிலில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் பாட, நான் ஊருக்குப் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். உதடு அசையவில்லை, ஆனால் உள்ளே பேச்சு நிற்கவில்லை. மௌனம் படகுத்துறையில் முடியும் என்று நினைத்திருந்தேன். அது அதற்குப் பல மணி நேரம் முன்பே முடிந்துபோயிருந்தது.

இந்தத் துறவிகள் பின்பற்றும் ஒழுங்குநூலை ஆறாம் நூற்றாண்டில் எழுதியவர் புனித பெனடிக்ட், பழைய தமிழில் ஆசீர்வாதப்பர். 73 அதிகாரங்கள். அதில் 67ஆவது அதிகாரம் பயணம் போகிற துறவிகளுக்கானது. போகிறவர் எல்லோருடைய செபத்தையும் கேட்டுப் பெற்றுப் போக வேண்டும். திரும்பி வந்தவர் வெளியே கண்டதையும் கேட்டதையும் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பெரும் கேடு விளையும் என்கிறார். முதலில் படித்தபோது இது கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. அன்று காலையில் அதன் பொருள் விளங்கியது. ஓர் இடத்தில் இருந்துகொண்டே இன்னோர் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இருக்கிற இடம் கையை விட்டுப் போய்விடுகிறது.

சரி, என்ன செய்வது? அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். செருப்பையும் துண்டையும் வெளியே எடுத்து வைத்தேன். படுக்கை விரிப்பை உருவி மடித்தேன். தரையைப் பெருக்கினேன். அடுத்து அங்கே படுக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. அவருக்காக ஜன்னல் திட்டைத் துடைத்தபோது மனம் மெல்லத் திரும்பி வந்தது.

அப்புறம் கரையோரமாக நடந்தேன். எதிரே, கூப்பிடு தூரத்தில் புனித மார்கரெட் தீவு. அதன் கோட்டையில்தான் 'இரும்பு முகமூடி மனிதன்' என்று பெயர்பெற்ற கைதியை 1687 முதல் 1698 வரை அடைத்து வைத்திருந்தார்கள். அவரை 1669இல் கைது செய்தபோதே அரசனின் அமைச்சர் சிறை அதிகாரிக்கு உத்தரவு எழுதியிருக்கிறார்: தன் தேவைகளைத் தவிர வேறு எதையாவது பேசினால் கொன்றுவிடுவதாகச் சொல்லி வை என்று. தேவைக்கு மட்டும் பேசு என்பதுதான் மடத்திலும் வழக்கம். அவர்கள் மௌன விரதம் எடுப்பதில்லை, பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே ஆறு நாள் வாய் மூடியிருந்ததை நான் பெரிதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தீவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். எனக்குப் படகு வரும் என்று தெரியும். அவருக்கு அது தெரியாது.

மதிய உணவு. சாப்பாட்டு அறையில் என் எதிரே ஆறு நாளும் ஒரே மனிதர்தான் உட்கார்ந்தார். வயதானவர். இடது கை சற்று நடுங்கும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ரொட்டியின் மேல்தோலை முதலில் தின்பார், தண்ணீரை அரை டம்ளர்தான் ஊற்றிக்கொள்வார் என்று தெரியும். ஒழுங்குநூலின் 38ஆவது அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி உண்டு. சாப்பிடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வேண்டியதை எடுத்துக் கொடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் எதையும் கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது. பேசாமல் இருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. கேட்க முடியாது என்பதால் மற்றவர் கையைக் கவனிக்கிறோம். முதல் நாள் உப்புக்காக நான் மேசை முழுக்கத் தேடினேன். கடைசி நாள் நான் நிமிரும் முன்பே உப்பு என் பக்கம் வந்திருந்தது.

மாலைப் படகுக்கு அவரும் வந்தார். இனிப் பேசலாம். பேச்சுக்குக் காத்திருந்தவர்கள் போல மற்றவர்கள் உடனே கைபேசியைத் திறந்தார்கள். அவர் தம் பெயரைச் சொன்னார், நான் என் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை. தீவு தெரிகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டோம். பாதி வழியில் காற்று மாறி, அலை தெறித்து என் தோளை நனைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்பக்கமாக எனக்கு இடம் விட்டார்.