கணக்கில் வராதவர்களை எப்படி எண்ணினார்கள்?

2020-இல் தினமும் சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்து, ‘இன்று எத்தனை பேருக்குக் கொரோனா?’ என்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணிக்கையை நாம் எல்லாருமே கொஞ்சம் தப்பாகத்தான் படித்தோம் என்பது என் எண்ணம். அது தொற்று வந்தவர்களின் கணக்கு அல்ல. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, பாசிட்டிவ் என்று வந்தவர்களின் கணக்கு. இருமல்கூட இல்லாமல் வைரஸ் வந்து போனவர் அதில் எப்படி வருவார்?

சரி, கணக்கில் வராதவரை எப்படி எண்ணுவது? வைரஸ் போனாலும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி என்ற புரதம் இரத்தத்தில் கொஞ்ச காலம் தங்கும். அதைத் தேடுவதுதான் செரோ சர்வே. 2020 மே, ஜூனில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 70 மாவட்டங்களில் 28,000 பெரியவர்களிடம் இரத்தம் எடுத்தது. இதில் முன்னால் நின்றது நம்ம சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். கிடைத்த விடை 0.73 சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் நாட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்குமாக விரித்தால் மே தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பேர். அதாவது கண்டுபிடித்த ஒருவருக்குக் கண்ணில் படாதவர்கள் 80 பேருக்கு மேல்!

இங்கேதான் ஒரு வில்லங்கம். ஒரு சோதனை நூற்றுக்கு ஒருவரைத் தப்பாக ‘இருக்கிறது’ என்று காட்டினால், ஆயிரம் பேரில் பத்துப் பேர் பொய்யாக மாட்டுவார்கள். உண்மையில் தொற்று வந்தவர்களோ, அந்த 0.73 சதவீதக் கணக்குப்படி, ஏழு பேர்தான். அதனால்தான் முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்த மாதிரிகளை வேறொரு கிட்டில் மறுபடி சோதித்தார்கள். அப்படியும் உண்மை விடை 0.34-க்கும் 1.13-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். செய்தியில் அது வந்த ஞாபகம் எனக்கில்லை.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பகுதியில் நடந்த செரோ சர்வே இதே இடத்தில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டது. 3,330 பேரில் 50 பாசிட்டிவ். அந்த ஐம்பதில் எத்தனை கிட்டின் பிழை என்று பெரிய சண்டை. அதோடு, ஆட்களைப் பிடித்தது ஃபேஸ்புக் விளம்பரம் வழியாக. போன மாதம் காய்ச்சலில் கிடந்து, ‘அது இதுவாத்தான் இருக்குமோ’ என்று சந்தேகப்பட்டவர்தானே முதலில் ஓடி வருவார்?

அப்புறம் மும்பை. 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் பார்த்தபோது குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம், மற்ற குடியிருப்புகளில் 16. பொதுக் கழிப்பறை, பத்துக்குப் பத்து அறை, இடைவெளிக்கு எங்கே போவது?

தொற்று இவ்வளவு பேருக்கு என்றதும் ‘இறப்பு விகிதம் ரொம்பக் குறைவுதான்’ என்று சிலர் உடனே சொன்னார்கள். கீழே வகுக்கும் எண்ணை, அதாவது தொற்று வந்தவர்களின் எண்ணிக்கையைத் திருத்தினோம், சரி. மேலே இருக்கிற இறந்தவர்களின் எண்ணும் குறைவாக எண்ணப்பட்டதுதானே? அதற்கு இரத்தச் சோதனை உதவாது, இறப்புப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். பதியாமல் விட்ட இறப்பு அதிலும் இருக்காது.